பல்வலி என்னும் ஒரு சொல்

கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் மக்கள் வந்து கூறும் உபாதைகளுள் பல்வலியைப் போல் எளிதாக ஒதுக்கப்படுவது வேறொன்றில்லை எனலாம். கிராம்பை வைத்துக் கடிக்கச் சொல்வதும், வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்தனுப்புவதும், மிஞ்சினால் பல்லைப் பிடுங்கிவிட்டால் தொல்லை தீரும் என்று யோசனை கூறுவதும் வழக்கமாக இருந்து வருகின்றன. பல்வலியால் ஒருவரும் இறப்பதில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் தவறானது. அதனினும் பெரிய தவறு, நோயாளி 'பல்வலி' என்று சொன்னவுடன் வலி பல்லிலிருந்துதான் பிறந்தது என்று முடிவு செய்துவிடுவதாகும். பல்வலி என்பது நோயின் பெயரன்று. நோயாளி தம் வேதனைக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர்.

இதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் உண்டு. பற்கள், ஈறுகள், தாடை மூட்டு, கன்ன எலும்பினுள் அமைந்த காற்றறை ஆகிய அனைத்தின் உணர்ச்சிகளையும் மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாம் கபால நரம்பே. பல ஓடைகள் வந்து கலந்த ஆற்றின் துறையில் நிற்பவருக்குக் கலங்கல் எந்த ஓடையிலிருந்து வந்தது என்று தெரிவதில்லை. நோயாளியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. கீழ்க் கடைவாய்ப் பல் கெட்டிருக்கக் காதில் வலிக்கிறது என்பார். காற்றறையில் அழற்சி கண்டிருக்க மேற்பற்களைக் காட்டுவார். சளி பிடித்த பின்னர் ஒரே பக்கத்து மேற்பற்கள் பலவும் சேர்ந்து வலித்து, குனியும்போது வலி மிகுமாயின் பல்லைக் குறை கூறுவதற்கில்லை.

பெரும்பான்மையான பல்வலிக்குப் பற்சொத்தையே காரணம் என்பதை மறுப்பார் இல்லை. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. எனாமலில் நரம்பு இல்லாமையால் இந்நிலையில் வலி தோன்றாது. குழி உட்பகுதியை எட்டிய பின்னரே இனிப்பும் குளிர்ந்த நீரும் கூசுகின்றன. கூச்சம் நொடிப்பொழுதில் மறையும் வரையில் குழியை அடைத்தே பல்லைக் காப்பாற்றலாம். சூடு பட்டால் வலி எழுந்து நெடுநேரம் நீடிப்பதும், இரவில் படுத்தவுடன் விண்விண்ணென்று தெறிப்பதும் பல்லின் நடுவிலுள்ள கூழ் அழியத் தொடங்கியதற்கு அறிகுறிகள். இதன் பின்னர் நிகழ்வதுதான் மக்களை ஏமாற்றுகிறது. கூழ் முற்றிலும் செத்தவுடன் வலி நின்றுவிடும். கைவைத்தியம் பலித்தது என்று நோயாளி மகிழ்கிறார். சில வாரங்களோ மாதங்களோ கழித்து வேரடியில் சீழ் கோக்கிறது. அச்சீழ் தாடைக்குக் கீழே பரவிக் கழுத்து வீங்கி, காய்ச்சலும் விழுங்குவதில் தடையும் கண்டால், அது மூச்சுக்குழாயை அடைக்கும் ஆபத்து. அந்நோயாளியை மறுநாள் வரச் சொல்லலாகாது. அப்பொழுதே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஈறின்மேல் வலி மாத்திரையைப் பொடித்து வைப்பதைப் பற்றியும் இங்கே ஒரு சொல்: அஸ்பிரின் அவ்விடத்தில் வலியைத் தணிப்பதில்லை, ஈறைப் புண்ணாக்குவதே அதன் பயன்.

பல் குற்றமற்றதாயிருந்தும் பிடுங்கப்படுவது மற்றொரு கொடுமை. நடு வயதைக் கடந்த ஒருவர், முகம் கழுவும்போதும் பல் துலக்கும்போதும், சில வேளைகளில் காற்று மேலே பட்டாலும், மின்சாரம் தாக்கியது போன்ற வலி சில நொடிகள் வெட்டி மறைகிறது என்று கூறினால், அது ஐந்தாம் நரம்பின் நோயாக இருக்கக்கூடும். இதற்கு மருந்து உண்டு. பல்லைப் பிடுங்குதல் மருந்தன்று. ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களை இழந்து, வலியை மட்டும் இழக்காத நோயாளிகள் மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டவர்கள்.

நடக்கும்போதோ படியேறும்போதோ கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் தணிந்தால், இதயத்தை ஐயுறுதல் வேண்டும். மார்பு வலியே இன்றித் தாடை வலியாகவும் மாரடைப்பு வெளிப்படுவதுண்டு. பெண்களிடத்தும் நீரிழிவு நோயாளிகளிடத்தும் இதனை மறத்தலாகாது. வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் சேர்ந்திருந்தால் பல் மருத்துவரைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் ஊர்தியை அழைப்பதே கடமை.

இவையனைத்தினும் நம் நாட்டுக்கே உரிய கேடு ஒன்று உண்டு. மராட்டியத்தில் மிஸ்ரி என்றும், ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் குடாகு என்றும், பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் குல் என்றும் வழங்கும் புகையிலைப் பண்டங்களைப் பற்பொடியாகத் தேய்க்கும் பழக்கம், பெண்கள் பலரிடம், பல்வலிக்கு மருந்து என்ற பெயரிலேயே தொடங்குகிறது. வலி சற்று மரத்துப்போகிறது, பழக்கம் நிலைத்துவிடுகிறது. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலையைச் சேர்ப்பதை மத்திய அரசு 1992-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. எனினும் வீட்டில் வறுத்துப் பொடிக்கும் புகையிலையைச் சட்டம் தடுத்து நிறுத்தவியலாது. பல்வலியென்று முதல்முறை வந்த பெண்ணுக்கு முறையான சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் அனுப்பிய ஊழியர், அப்பழக்கத்துக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டவராகிறார் என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம், ஆயினும் பொய்யன்று.

பாக்கின் கதையும் இத்தகையதே. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை கலவாத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதே என்று 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியது. பாக்கை இடைவிடாது மெல்வோரின் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் கட்டி இறுகுகிறது. முதலில் காரம் எரிகிறது. பின்னர் வாய் திறக்க இயலாது போகிறது. தாடை பிடித்துக்கொண்டது, தாடை வலிக்கிறது என்றே இவர்கள் கூறுவர். இறுகிய தசை பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. பின்னாளில் புற்றாக மாறவுங்கூடும். இதனை அறியக் கருவி வேண்டுவதில்லை. நோயாளி தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கிடையே நுழைக்க வேண்டும். நுழையவில்லையெனில் காரணம் தேடியாக வேண்டும். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பண்டம் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வெறும் வாசனைப் பாக்குப் பொட்டலமோ அச்சட்டத்தின் வரம்பில் அடங்குவதில்லை. பள்ளி வாயிற்கடையில் அது மாணவரின் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குவதைக் கண்டும் ஆசிரியர்கள் வாளாவிருப்பது பொருந்துமா?

வாய் திறக்கவியலாமை திடீரென்று தோன்றி, அண்மையில் காயமும் பட்டிருந்தால், அது இசிவு நோயாக இருக்கலாம். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடப்படும் தடுப்பூசியைச் சிறுவர்கள் ஊசிக்கு அஞ்சித் தப்பவிடுவதை ஆசிரியர்கள் அனுமதித்தலாகாது.

சிறுவர்களிடத்தில் ஆசிரியர் காணக்கூடியது வேறொன்றும் உண்டு. ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், இதுவும் பால்பல், எப்படியும் விழும் என்றே பெற்றோர் எண்ணுகின்றனர். சொத்தையாகித் துடிக்கும்போது பிடுங்கிவிடச் சொல்கின்றனர். அப்பல் மீண்டும் முளைப்பதில்லை. ஒரே பக்கத்தில் மெல்லும் குழந்தை, நண்பகல் உணவைப் பாதியில் வைத்துவிடும் குழந்தை, பாடவேளையில் கன்னத்தைக் கையால் தாங்கியிருக்கும் குழந்தை ஆகியோரைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்வதற்கு முன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

களப்பணியாளருக்கு ஏற்கெனவே வேலைப்பளு மிகுதி, பல்லையும் அவர் தலையில் சுமத்துவதா என்ற எதிர்வாதம் நியாயமற்றதன்று. பல் மருத்துவர்கள் நகரங்களில் குவிந்திருப்பதும், மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருப்பதும் உண்மையே. அந்த ஒரு நாளை இழப்பதற்குத் தகுந்த காரணம் உண்டா என்று நோயாளிக்குச் சொல்ல வல்லவர் ஊரில் களப்பணியாளர் ஒருவரே. அவர் நோயைக் கண்டறிய வேண்டுமென்று யாரும் கோரவில்லை. வலி எப்பொழுது எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதனால் மிகுகிறது, வாய் எவ்வளவு திறக்கிறது, வீக்கமோ காய்ச்சலோ உண்டா என்று கேட்டு, விடைகளை அனுப்புச் சீட்டில் எழுதினால் போதும். 'பல்வலி' என்று மட்டும் எழுதிய சீட்டைக் கொண்டு வருபவர், நெரிசல் மிகுந்த மருத்துவமனையில் பெரும்பாலும் பல் பிடுங்கும் வரிசையிலேயே நிறுத்தப்படுவார்.