இறந்த நாயும் சொல்லும் செய்தி

வீட்டு நாயோ பூனையோ திடீரென இறந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? வளவின் மூலையில் குழி வெட்டிப் புதைக்கிறோம். “எதையோ தின்றிருக்கும்” என்று சொல்லி விடயத்தை முடித்துக்கொள்கிறோம். அது ஏன் இறந்தது என்ற கேள்வியும் அதே குழிக்குள் போய்விடுகிறது. ஆனால் அக்கேள்வி எமது பிள்ளைகளின் உயிரோடு தொடர்புடையது.

விசர்நாய்க்கடி நோயை எடுத்துக்கொள்வோம். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்கான தடுப்பூசியும் கடியுண்டோருக்கான சிகிச்சையும் பரவியதால், அண்மைய ஆண்டுகளில் இத்தொகை 30 அளவிலும் அதற்குக் கீழும் குறைந்துள்ளது. எஞ்சிய மரணங்களையும் தடுக்க வேண்டுமாயின், வைரசு எந்த ஊரில் நடமாடுகிறது என்று தெரியவேண்டும். அதைக் காட்டுவது இறந்த மிருகத்தின் மூளைப் பரிசோதனையே. கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இதனைச் செய்கிறது. பரிசோதனைக்கு ஒரு தலையேனும் அனுப்பாத ஊரை நோயற்ற ஊர் என்று கொள்ள முடியாது. அங்கு நிலைமை என்னவென்று எவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரெக்சாஸ் மாநிலப் பண்ணைகளில் பசுக்களின் பால் குறைந்தது, காரணம் புரியவில்லை. காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. மிருக வைத்தியர்கள் அவற்றை ஆய்வுக்கு அனுப்பினர். பூனைகளின் மூளையிலும் பசுக்களின் பாலிலும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரசு காணப்பட்டது. அதன் பின்னரே பண்ணைத் தொழிலாளரிடமும் இத்தொற்று கண்டறியப்பட்டது.

“மனிதருக்கே மருந்து போதாத நாட்டில் நாய்க்கும் பூனைக்கும் ஆய்வா?” என்று சிலர் கேட்கலாம். கடித்த மிருகத்துக்கு நோயில்லை என ஆய்வுகூடம் உறுதிப்படுத்தினால், வைத்தியரின் ஆலோசனைப்படி மீதி ஊசிகளை நிறுத்தலாம். அரசுக்கு மருந்து மிச்சம். ஏழைத் தொழிலாளிக்கு நாட்கூலியும் பஸ் கட்டணமும் மிச்சம்.

ஆகவே ஒவ்வொரு பிரதேசத்திலும் மாதிரிகளைப் பனிக்கட்டியில் பொதிசெய்து விரைவாக அனுப்பும் ஒழுங்கு வேண்டும். மிருக வைத்தியரும் சுகாதார வைத்திய அதிகாரியும் தகவல்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதனைக் கோரிக்கையாக முன்வைக்கலாம்.

எமது பங்கும் உண்டு. சந்தேகத்துக்குரிய விதத்தில் மிருகம் இறந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். தலையை நீங்களே வெட்டவும் முயலாதீர்கள். புதைக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடியுண்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

வாசலில் காவல் கிடந்த நாய் இறந்த பின்னும் எமது ஊரைக் காக்க முடியும். அதற்கு நாம் இடமளிப்போமா?