சேர்ந்தே ஓடணுமா?

பாலாறு, செய்யாறு, வேகவதி... மூணும் கூடுற இடம் நம்ம திருமுக்கூடல். ஆறுகள் கூடினா அழகு. காலேஜ் ஆட்டங்கள் கூடினா?

அமெரிக்காவில் பல காலேஜ்கள் சேர்ந்து ஆடும் கூட்டணிக்கு 'கான்ஃபரன்ஸ்'னு பேர். 1979-ல் பாஸ்கெட்பாலுக்காகப் பிறந்தது 'பிக் ஈஸ்ட்'. 1991-ல் அவங்க ஊர் ஃபுட்பாலும் (பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுவாங்களே, அது!) உள்ளே வந்துச்சு. டி.வி. பணம் ஃபுட்பால் பக்கம் கொட்ட, கூட்டணி ஆட்டம் கண்டது. 2013-ல் 7 கத்தோலிக்கக் காலேஜ்கள் பேரையும் எடுத்துக்கிட்டுத் தனியா வந்துட்டாங்க. மூழ்கிட்டாங்களா? அதில் ஒண்ணான வில்லனோவா 2016, 2018-ல் தேசிய பாஸ்கெட்பால் சாம்பியன்!

ஒட்டிக்கிட்டே இருந்தா? 2024-ல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு, ஃபுட்பால் பணத்துக்காக அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் சேர்ந்தது. கண்டம் தாண்டி அலையறது வாலிபால் பொண்ணுங்களும்தான். கிளாஸ், லேப், எக்ஸாம்..?

நம்ம ஊர்ல ஏ.ஐ.யு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியா பல்கலைக்கழகப் போட்டி வைக்குது. ஒண்ணு இன்னொண்ணை இழுத்துட்டுப் போகாது.

அதனால என் ஓட்டு: காலேஜைப் பிரிக்காதீங்க, ஆட்டத்தைப் பிரிங்க! கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2020-ல் ஃபுட்பாலை மட்டும் தனியா விட்டுட்டு, பாஸ்கெட்பாலோடு பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்புச்சு. 2023, 2024 ரெண்டு வருஷமும் ஆண்கள் கோப்பை அவங்களுக்குத்தான். உங்க ஓட்டு எந்தப் பக்கம்?