கேசாவரத்தில் பிரிந்த நீர்

கூவத்தைச் சீர்செய்ய வரும் வல்லுநரின் வேலை, பழைய நில அளவைப் படங்களை விரித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது. வண்டலின் ஆழத்தை அளப்பதும், ஓதநீர் எதுவரை ஏறி இறங்குகிறது என்று பார்ப்பதும், சாக்கடைகள் வந்து கலக்கும் இடங்களைக் குறிப்பதும் பிறகுதான். அந்தப் படங்களில் இருப்பது நம் முன்னோர் நீராடிய ஆறு. திருவிற்கோலமும் திருவேற்காடும் அதன் கரைத் தலங்கள். பச்சையப்ப முதலியார் அதில் குளித்துவிட்டுக் கோமளீசுவரரை வணங்கப் போவார் என்று சொல்வதுண்டு. 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றக் கும்பினியார் இடம் தேடியபோது, அந்த ஆறு வளைந்து அணைத்திருந்த நிலமே சிந்தாதிரிப்பேட்டை ஆனது.

இந்த ஆற்றை யாரும் பகைமையால் கெடுத்துவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஏதோ ஒரு நன்மையைத் தேடிப் போனது, அதற்கான விலையை ஆறு கொடுத்தது. 1875-ல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலை அதன் கற்சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து, நாம் மாலையில் காற்று வாங்கும் மெரினா அகன்றது. வடக்கே இராயபுரத்துக்கு அப்பால் கடல் கரையைத் தின்றது. துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே இருந்த கூவத்தின் முகத்துவாரத்தையும் அதே மணல்தான் அடைத்தது. பெரும்பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று 1877-78-ல் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துக் கால்வாய் வெட்டினார்கள். பக்கிங்காம் கால்வாயின் அந்தப் பகுதி பின்னாளில் நகரத்தின் சாக்கடையைச் சுமந்தது. மேலே, கேசாவரத்தில், கொசஸ்தலை ஆற்றிலிருந்து கூவம் பிரியும் இடத்தில் நீர் பூண்டிப் பக்கம் திருப்பப்பட்டது. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. அன்று முதல் நம் வீட்டுக் குழாய்களில் வந்த நீரில் கூவத்தின் பங்கும் உண்டு.

சீரமைப்பும் புதிதல்ல. 1967-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. படகுத்துறைகள் கட்டினார்கள், சில காலம் படகும் ஓடியது. மேலிருந்து நீர் வரவில்லை, கீழே மணல் மறுபடியும் அடைத்தது. அதற்குப் பின் வந்த திட்டங்களிலும் கரையை அழகாக்கும் ஆவலே முந்தி நின்றது. கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவான இடங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆற்றின் விலையைக் கடைசியில் கட்டியவர்கள் அவர்கள். அது நெஞ்சை உறுத்துகிறது. அடையாற்றின் கழிமுகத்தில் ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. குப்பைமேடாய்க் கிடந்த 58 ஏக்கரில் கழிவை அகற்றி, ஓதநீருக்கு வழிவிட்டு, அலையாத்திச் செடிகளை நட்டார்கள். 2011-ல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டபோது பறவைகள் முன்பே வந்துவிட்டிருந்தன.

கூவத்துக்கு அந்த அளவு போதாது. முகத்துவாரத்தில் இன்று வாரும் மணல் அடுத்த பருவத்தில் திரும்பி வரும்; உள்ளிருந்து தள்ளும் நீரோட்டம் இருந்தால்தான் அந்த வாய் திறந்திருக்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேசாவரத்தில் ஒரு பங்கு நீரைப் பழைய வழியில் உறுதியாக விடுவதா என்ற கேள்வியை வல்லுநரால் எழுப்பத்தான் முடியும். அந்த நீரை இத்தனை காலம் குடித்த நகரம்தான் பதில் சொல்ல வேண்டும்.