நகரப் பள்ளிகளுக்கு இணையம் யார் தருவது?



கிராமப்புற அரசு உயர்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் பாரத்நெட் திட்டம் வழியாக பிராட்பேண்ட் தருவதாக 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் உள்ள அரசுப் பள்ளிகள் இதில் வராது. ஐ.டி. நகரம் என்று பெயர் வாங்கிய பெங்களூரில்தான் இருக்கின்றன, அதனால் இணையம் தானாக வந்துவிடும் என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

நான் பார்த்த பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் அறையில் ஒரே ஒரு வைஃபை ரூட்டர். வீட்டுக்கு வாங்குவார்களே, அந்த வகை. இரண்டு கற்சுவர் தாண்டினால் சிக்னல் இல்லை. கம்ப்யூட்டர் அறையில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் தீக்ஷா கல்வித் தளத்தின் பாட வீடியோவைத் திறந்தால் எல்லாத் திரையிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வருகைப் பதிவுக்கு ஆசிரியைகள் சொந்த மொபைல் டேட்டாவைத்தான் செலவழிக்கிறார்கள். இது அநியாயம்.

இணைப்பு வாங்கினால் மட்டும் போதாது. வகுப்புகளுக்கு கேபிள், ஆக்சஸ் பாயிண்ட், மின்வெட்டைத் தாங்கும் யு.பி.எஸ்., சில ஆண்டுகளில் பழசாகும் கருவிகளை மாற்றப் பணம், எல்லாம் வேண்டும். 101 முதல் 250 மாணவர்கள் உள்ள பள்ளிக்கு சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்தின் ஆண்டு மானியம் 50,000 ரூபாய். சுண்ணக்கட்டி, கரண்ட் பில், ரிப்பேர் போக அதில் என்ன மிஞ்சும்?

2025 செப்டம்பரில் பெங்களூருக்கு ஐந்து மாநகராட்சிகள் வந்திருக்கின்றன. பள்ளி நெட்வொர்க்குக்கென்று அவை தங்கள் பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு செய்ய வேண்டும். மாநிலக் கல்வித்துறையும் பங்கு தர வேண்டும்.

— ஒரு வாசகர், பெங்களூரு