கைப்பேசி ஆட்டமும் வாலிபர் மனமும்

திமிரிப் பக்கத்து வாலிபர்களைப் பற்றிப் பெரியோர் கூறும் குறை ஒன்றே. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை முடிந்து பஸ் ஏறியவுடன் கைப்பேசியைத் திறக்கிறார்கள். வீடு வந்த பிறகும், இலையிலிட்ட சோறு ஆறிப்போகும்வரை, அதில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறார்கள். பள்ளிச் சிறுவரும் அவ்வாறே. இதற்குப் பெரியோர் காட்டும் காரணமும் ஒன்றே: சோம்பல். இக்காரணம் தவறானது என்பது நமது அபிப்பிராயம். நோய் இன்னதென்று அறியாமல் கொடுக்கும் மருந்து பலிக்காது. ஆதலின் விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

சோம்பேறி கஷ்டத்தைக் கண்டு ஓடுவான். ஆட்டக்காரனோ கஷ்டத்தைத் தேடிப் போகிறான். பத்து முறை தோற்றுப் பதினோராம் முறையும் முயல்கிறான். பாடபுத்தகத்தின் முன் கால் மணி நேரத்தில் கொட்டாவி விடும் அதே பையன், இங்கே மூன்று மணி நேரம் கண்கொட்டாமல் உழைக்கிறான். கூலியில்லாத இவ்வுழைப்பை அவனிடமிருந்து வாங்கும் சக்தி யாது?

அமெரிக்க மனோதத்துவ நிபுணர்களான எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயான் ஆகிய இருவரும், மனித மனத்துக்கு மூன்று பசிகள் உண்டு என்று கூறினர். தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் ஒன்று. தன் திறமை வளர்வதைத் தானே காண்பது இரண்டு. தன்னை வேண்டுமென்று நினைக்கும் தோழர் நடுவில் இருப்பது மூன்று. ரயானும் அவருடைய சகாக்களும் 2006-ல் இதே அளவுகோலை வீடியோ ஆட்டங்களுக்கு வைத்துப் பார்த்தார்கள். இப்பசிகளை எந்த ஆட்டம் தணிக்கிறதோ அதையே ஜனங்கள் விரும்பி மீண்டும் நாடுகின்றனர் என்று கண்டார்கள். ஆட்டத்தில் ஆசை கைப்பேசியோடு பிறந்ததன்று. நம் கோயில்களின் கல்தளங்களில் முன்னோர் செதுக்கிவைத்த ஆடுபுலிக் கட்டங்களே அதற்குச் சாட்சி.

இனி, ஷூ கம்பெனியைப் பார்ப்போம். ஷூவின் மேல்பாகம் பல கைகள் மாறி உருவாகிறது. தோலை வெட்டுபவர் ஒருவர், ஓரத்தைச் சீவுபவர் ஒருவர், மடித்து ஒட்டுபவர் ஒருவர், தைப்பவர் இன்னொருவர். நாளெல்லாம் ஒரே தையலைப் போடுபவருக்கு, முடிந்த ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்து, ‘இது நான் செய்தது’ என்று சொல்லும் பாக்கியம் ஏது? நாளொன்றுக்கு இத்தனை ஜோடி என்ற இலக்கை அவர் வைப்பதில்லை. அது அவர்மீது வைக்கப்படுகிறது. நேற்றைவிட இன்று கை தேர்ந்திருக்கிறது என்று அவருக்குச் சொல்வார் இல்லை. ஆட்டமோ ஒவ்வொரு முயற்சிக்கும் அக்கணமே புள்ளி தருகிறது, படிப்படியாக உயர்த்துகிறது, அணித்தோழன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பகலில் கிடைக்காததை இரவில் தேடுபவனைச் சோம்பேறி என்பது நியாயமா?

ஆட்டத்தால் கேடே இல்லை என்று நாம் சொல்லவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரி முதல், ஆட்ட நோயும் ஒன்றாக இருக்கிறது. கட்டுப்பாடு இழந்து, மற்றெல்லாக் காரியங்களுக்கும் மேலாக ஆட்டத்தை வைத்து, கேடு கண்டும் விடாத நிலை சாதாரணமாகப் பன்னிரண்டு மாதம் நீடித்தால் அது நோய். அத்தகையோருக்கு வேண்டுவது வைத்தியம், வசவு அன்று.

பணம் வைத்தாடும் ரம்மி முதலியவற்றின் விஷயம் வேறு. அங்கே நாம் தடையையே ஆதரிக்கிறோம். பலன் எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் பிராணி விடாமல் நெம்புகோலை அழுத்துகிறது என்று ஸ்கின்னர் பரிசோதனையால் காட்டினார். அந்தப் பலவீனத்தின்மீது கட்டிய வியாபாரம் இது. ரம்மி பெரிதும் திறமை ஆட்டமே என்று சுப்ரீம் கோர்ட்டு 1967-ல் கூறிற்று. 2022-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தை 2023 நவம்பரில் பரிசீலித்த சென்னை ஹைகோர்ட்டு, சட்டத்தை நிலைநிறுத்திய போதிலும், ரம்மியையும் போக்கரையும் தடையிலிருந்து விலக்கிற்று. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு இயற்றிய சட்டமோ, திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதத்தையே தள்ளிவிட்டது. வக்கீல்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வாதித்த அப்பேதம், கூலியை இழந்து வீடு திரும்புபவனுடைய மனைவிக்கு என்றுமே விளங்கியதில்லை.

பணமில்லாத ஆட்டங்களைத் தடுத்துப் பார்த்த அனுபவமும் நமக்கு உண்டு. 2020 செப்டம்பரில் தேசப் பாதுகாப்பை முன்னிட்டு மத்திய அரசாங்கம் தடுத்த 118 செயலிகளுள் பப்ஜியும் ஒன்று. அதை ஆடியவர் பலர் ப்ரீ பயருக்குச் சென்றனர். பப்ஜி 2021-ல் வேறு பெயருடன் திரும்பிற்று. 2022 பிப்ரவரியில் ப்ரீ பயரும் தடுக்கப்பட்டது. ஆட்டங்கள் மாறின, பசி மாறவில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கம்பெனி முதலாளிகள் கை தேர்ந்தவருக்குப் படிநிலையும், அதற்கேற்ற கூலியும், பல வேலைகளையும் கற்கும் வாய்ப்பும் வகுக்கட்டும். உபாத்தியாயர்கள் வருஷக் கடைசியில் ஒரு மார்க்கு போடுவதோடு நில்லாமல், பையன் இன்று கற்றதை இன்றே அவனுக்குக் காட்டட்டும். பேரூராட்சியார் விளையாட்டுத் திடலை, வேலை முடிந்து வாலிபர் திரும்பும் வேளையில் விளக்கெரியத் திறந்து வைக்கட்டும். கபடிக்கும் அணி உண்டு, தோழர் உண்டு, வெற்றி தோல்வி உண்டு. பெற்றோர், அதட்டுவதற்கு முன், ‘எந்தப் படியில் நிற்கிறாய், அப்பா?’ என்று ஒரு நாள் கேட்கட்டும். பையனுடைய சாமர்த்தியத்தை வீட்டில் ஒருவர் விசாரிப்பது அவனுக்குப் புதுமையாயிருக்கும்.

கைப்பேசியைப் பிடுங்குவது சுலபம். அவ்விடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்பதற்கு விடை சொல்லிவிட்டுப் பிடுங்குவதே முறை.