அக்கிலீஸின் நிறமும் அடிமைகளின் குரலும்

ட்ரோய் யுத்தக் கதையை, பி.பி.ஸி. நிறுவனமும் நெற்பிளிக்ஸ் நிறுவனமும் கூட்டாக 2018ஆம் ஆண்டிலே எட்டுப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி நாடகமாக்கி வெளியிட்டன. ‘ட்ரோய்: ஒரு நகரின் வீழ்ச்சி’ என்பது அதன் பெயர். அதைச் சுற்றி எழுந்த கூச்சல் யாது? கறுப்பின நடிகரான டேவிட் கியாசி அக்கிலீஸாகவும், ஹக்கீம் கே-காசிம் சீயஸ் தேவனாகவும் தோன்றியமை வரலாற்றுக்கு இழைத்த துரோகமாம்!

எந்த வரலாறு? கடல் தேவதை ஒருத்தியின் வயிற்றிற் பிறந்தவன் அக்கிலீஸ் என்பதை இவர்கள் மறுப்பின்றி ஏற்கின்றனர். அவனது தோல் கறுத்திருப்பதை மட்டும் ஏற்க மாட்டாராம். ஹோமரின் சீயஸோ, இலியட்டின் முதற் காண்டத்திலேயே எத்தியோப்பியரின் விருந்துக்குச் சென்று பன்னிரண்டாம் நாளே திரும்புகிறான். பண்டைக் கவிஞனுக்கு இல்லாத நிறவெறி இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அடிமை வியாபாரமும் குடியேற்ற ஆட்சியும் விட்டுச் சென்ற சொத்து அது. நாடகம் படமாக்கப்பட்டதோ, ஒரு காலத்தில் நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய தென்னாபிரிக்காவிலே!

ஆயினும், நிறவெறியரை மறுத்தமையோடு நமது கடமை முடிந்துவிடவில்லை. நாடகத்திடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பாரிஸ், ஹெலன் இருவரின் காதலையே அது கதையின் அச்சாக்கியது. ஓர் அழகியின் பொருட்டு ஒரு நகரம் எரிந்தது என்ற பழைய பொய்க்கு மீண்டும் பூச்சூட்டியது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினரான ஹெரோடோட்டசே இதை நம்பவில்லை. மகன் ஒருவன் ஹெலனோடு வாழ்வதற்காகத் தன் மற்றப் பிள்ளைகளையும் நகரையும் பலியிடும் அளவுக்குப் பிரியம் மன்னன் பித்தனல்லன் என வாதிட்டார் அவர்.

அரசரின் கொடையை நம்பி வாழ்ந்த பாணர், அரசரின் புகழையே பாடினர். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டுக் கைலாசபதி எழுதிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. அதைக் கற்றோர் இவ்வுண்மையை அறிவர். எனினும், அத்தகைய மரபில் வந்த ஹோமரின் பாடலிலும் அடக்கப்பட்டோரின் குரல் கசிந்தே விடுகிறது. இலியட்டின் இரண்டாம் காண்டத்திலே தெர்சைற்றீஸ் என்னும் ஒருவன் எழுந்து, நாங்கள் பிடித்துக் கொடுத்த பொன்னும் பெண்களும் அகமெம்னனின் கூடாரத்திலே குவிகின்றனவே, வீடு திரும்புவோம் என்கிறான். ஒடிசியஸ் அவனைச் செங்கோலால் முதுகிலே அடிக்கிறான், படை சிரிக்கிறது. தன் கணவனையும் மூன்று சகோதரரையும் போரிலே பறிகொடுத்த பிரிசெயிஸ், கொள்ளைப் பொருளாக அக்கிலீஸுக்குப் பங்கிடப்படுகிறாள். ‘அக்கிலீஸின் கோபம்’ எனப் போற்றப்படுவது, இவளை அகமெம்னன் பறித்துக்கொண்டதால் எழுந்த பங்குச் சண்டையே. போரின் உள்ளுருவம் இங்கல்லவா வெளிப்படுகின்றது!

இதை உணர்ந்த கலைஞர் இல்லாமற் போகவில்லை. கி.மு. 416இல் ஏதென்ஸ், மீலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த ஆண்டே யூரிப்பிடிஸ், அடிமைப்பட்ட ட்ரோய்ப் பெண்களை ஏதென்ஸ் மக்களின் முன் மேடையேற்றி அழவைத்தார். அதே நாடகத்தை 1965இல் சார்த்தர் தழுவி எழுதி, குடியேற்ற யுத்தங்களுக்கு எதிரான குரலாக்கினார். பழங்கதை அவர்களின் கையில் வாளாயிற்று. தொலைக்காட்சியின் கையிலோ அலங்காரப் பண்டமாயிற்று. நகரின் அழிவை நாடகம் மறைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் எட்டுப் பகுதிகளும் பாரிஸ், ஹெலன் காதலையே சுற்றிச் சுழன்றபின், அவ்வழிவைக் காதலின் விலையாக அன்றி வேறு எவ்வாறு பார்வையாளர் கொள்வர்?

அரசகுமாரனின் வேடத்தைக் கறுப்பின நடிகருக்கு வழங்குவது நியாயம். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால், அரசகுமாரரின் கதையாகவே யுத்தம் சொல்லப்படும்வரை அந்நியாயம் பாதி நியாயமே. வகுப்பறையில் இக்கதையைச் சொல்லும் ஆசிரியரும் அதைக் கேட்கும் மாணவரும் முதலிற் கேட்கட்டும்: கொள்ளை யாருக்குச் சென்றது? பிணங்கள் யாருடையவை? தெர்சைற்றீஸின் முதுகிலே விழுந்த அடியைக் கண்டு நாமும் சிரிக்கப் போகிறோமா?