ஓரிலக்கத்தோடு நிற்காதீர்கள்

நிரல் எழுதப் பழகுபவருக்குத் தொடக்கத்திலேயே ரன்-லெங்த் முறையில் சுருக்கிய உரைக்கோப்பு ஒன்றைக் கொடுத்து, படித்து விரிக்கச் சொல்ல வேண்டும். ‘5அ2ப’ என்பது ‘அஅஅஅஅபப’ ஆக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. விளையாட்டுச் சரக்கல்ல இது: 1980இல் வந்த ஃபேக்ஸ் தரமும் வெள்ளை, கறுப்புப் புள்ளிகள் தொடரும் நீளத்தை எண்ணித்தான் பக்கத்தைச் சுருக்கியது.

ஆனால் பயிற்சியை ஓரிலக்க எண்ணோடு நிறுத்தும் வழக்கம் எனக்கு ஏற்பில்லை. அதில் மாணவர் இரண்டிரண்டு எழுத்தாக வெட்டித் தப்பித்துவிடுவார். ‘12அ’ வரட்டும். ஒரு முறை ‘2’ என்று அச்சடித்துவிட்டு, ‘அ’வை எண்ணாக மாற்றப் போய் நிரல் நின்றுவிடும். அப்போதுதான் பழைய எண்ணைப் பத்தால் பெருக்கிப் புது இலக்கத்தைக் கூட்டும் வழி அவருக்குத் தேவையாகிறது. எழுத்தை அச்சடித்ததும் எண்ணைப் பூஜ்ஜியமாக்க மறந்தாரா? ‘5அ2ப’வில் ‘ப’ 52 முறை வந்து நிற்கும். மறக்காதவருக்கும் ஒரு சோதனை உண்டு. வரிமுடிவுக் குறிக்கு முன்னால் எண் இல்லாததால் அது பூஜ்ஜியம் முறை அச்சாகி, பல வரி உரை ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் மாணவருக்கு இன்னொன்றும் அவசியம் கொடுங்கள்: ‘3கி’. யூனிகோடில் ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். அதே நிரல் ‘ககக’ என்று மட்டும் விரிக்கும்; கொக்கி காணாமல் போயிருக்கும்.